நியூயார்க் மாநில மக்கள்தொகை ஏடுகள் (1855–1925): பயன்படுத்திப் பார்த்த ஒருவரின் மதிப்புரை

ஸ்கெனெக்டடி நகரில் நாங்கள் வாங்கிய வீடு, கீழ்த்தளத்தில் ஒரு குடும்பமும் மாடியில் ஒரு குடும்பமும் வாழ்வதற்கென்று கட்டப்பட்ட பழைய மரவீடு. நகராட்சியின் வரிப்பதிவேட்டில் கட்டிய ஆண்டு என்று ஒரு தோராயமான எண் இருக்கிறதே தவிர, அதில் யார் குடியிருந்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மாடியில் இருந்த சுவர் அலமாரிக்குப் புதிதாக வண்ணம் அடிக்கலாம் என்று பழைய பூச்சைச் சுரண்டியபோது, கதவின் உட்புறத்தில் குழந்தைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு கோடாகக் குறித்து, பக்கத்தில் ஒற்றை எழுத்துகளும் எழுதியிருப்பதைக் கண்டோம். அந்தக் குழந்தைகள் யார் என்று தேடப் போய்த்தான், நியூயார்க் மாநில அரசு தன் பொறுப்பில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகளுக்கு நான் வந்து சேர்ந்தேன். இரண்டு ஆண்டுகளாக அவற்றை மாநிலத் தலைநகர் ஆல்பனியில் நேரிலும், வீட்டில் கணினியிலும் புரட்டிவருகிறேன். பழைய வீட்டின் கதையையோ, ஊரின் கதையையோ, தாம் மணந்துகொண்ட அமெரிக்கக் குடும்பத்தின் கதையையோ தேட நினைக்கும் தமிழர்களுக்கு இவை எந்த அளவுக்குப் பயன்படும், எங்கே கையை விரித்துவிடும் என்பதை எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால் பூஜ்யத்தில் முடியும் ஆண்டுகளில் வாஷிங்டன் அரசு எடுக்கும் கணக்கைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த ஏடுகள் 72 ஆண்டுகள் மூடிவைக்கப்பட்டுப் பிறகே பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1950-ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரல் 1 அன்றுதான் திறக்கப்பட்டது. மாநில ஏடுகள் வேறு. நியூயார்க் தன் அரசியல் சட்டத்தின்படி, பெரும்பாலும் ஐந்தில் முடியும் ஆண்டுகளில், தானே ஆள் அனுப்பி வீடு வீடாக எடுத்த கணக்கு அது. நோக்கம் மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளைப் பிரிப்பது. தொகுதிக் கணக்கில் குடியுரிமை பெறாத அயல்நாட்டவரைச் சேர்க்கக் கூடாது என்று அரசியல் சட்டம் சொல்லியதால், இந்த ஏடுகளில் ஒவ்வோர் ஆளும் குடிமகனா அயலவரா என்பது தவறாமல் எழுதப்பட்டது. குடியேறிகளின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் இன்று பொக்கிஷமாகக் கருதும் அந்தக் கட்டம், தொகுதிப் பங்கீட்டிலிருந்து அவர்களைக் கழிப்பதற்காகப் போடப்பட்டது என்பதைத் தேடும்போது மறக்கக் கூடாது.

இந்த ஏடுகளுக்கு இத்தனை மதிப்பு ஏற்பட்டதற்கு இன்னொரு காரணம் வாஷிங்டனில் நேர்ந்த விபத்து. 1921 ஜனவரி 10 அன்று வணிகத் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் பிடித்த தீயிலும், அதை அணைக்கப் பாய்ச்சிய தண்ணீரிலும் 1890-ஆம் ஆண்டு ஏடுகளில் பெரும்பகுதி பாழாயிற்று. எஞ்சியதையும் பின்னர் நாடாளுமன்ற அனுமதியுடனேயே அழித்துவிட்டார்கள். ஆறு கோடிக்கும் மேற்பட்ட மக்களைப் பற்றிய அந்தக் கணக்கில் இன்று மிஞ்சியிருப்பவை ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்கள்தாம். எனவே 1880-க்கும் 1900-க்கும் இடையில் இருபது ஆண்டுகள் இருட்டாகக் கிடக்கின்றன. ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் வந்திறங்கிய காலமும் அதுதான். அந்த இருட்டில் விளக்குப் பிடிக்கக்கூடியவை மாநில ஏடுகளே என்பதால்தான் எல்லோரும் அவற்றை நாடுகிறார்கள்.

ஆண்டுகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. 1825, 1835, 1845 ஆகிய மூன்றிலும் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. ஆனால் அந்த வீட்டில் ஓராண்டில் எத்தனை கெஜம் கம்பளித் துணியும் நார்த் துணியும் நெய்தார்கள் என்ற கேள்வி அவற்றில் இருக்கிறது. பெயரில்லாத பெண்கள் தங்கள் தறியின் அளவால் ஏட்டில் இடம்பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஆளைத் தேடுகிறவருக்கு உதவாவிட்டாலும், ஊரைப் படிக்கிறவருக்கு இவை சுவையானவை.

என் கணிப்பில் இந்த வரிசையின் தலைசிறந்த ஏடு 1855-ஆம் ஆண்டினுடையது. அந்த ஆண்டில் மாநிலத்தின் மக்கள்தொகை 34,66,212. கணக்கெடுப்பை மேற்பார்வையிட்டவர் ஃபிராங்க்ளின் ஹஃப் என்ற மருத்துவர். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும், அவர் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதையும் அவருடைய படிவம் கேட்டது. வாஷிங்டன் கணக்கு இந்த உறவுக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியது 1880-இல்தான். வீடு மரமா, செங்கல்லா, கல்லா, மரத்தடிகளை அடுக்கிக் கட்டியதா என்பதும் அதன் மதிப்பு எத்தனை டாலர் என்பதும் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு கேள்விகள்: நியூயார்க் மாநிலத்திலேயே பிறந்தவரானால் எந்தக் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பிறந்தார்; இந்த ஊருக்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின. ஆல்பனி நகரின் 1855 ஏட்டில் நான் பார்த்த ஓர் அயர்லாந்துக் கூலித்தொழிலாளியின் வீட்டில், மூத்த பிள்ளை அயர்லாந்தில் பிறந்தது, அடுத்தது ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ரென்சலர் கவுண்டியில், கடைக்குட்டி ஆல்பனியில். பஞ்சத்துக்குத் தப்பிக் கடல் தாண்டிய ஒரு குடும்பம் எங்கெங்கே தங்கி இங்கே வந்து சேர்ந்தது என்ற வழித்தடம், நான்கு விரற்கடை உயரத்தில் ஐந்து வரிகளில் அடங்கிவிட்டது. அதே பக்கத்தில் வாக்குரிமை உள்ளவர், அயலவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், நிலம் உடையவர் என்று வரிசையாகக் கட்டங்கள். அவற்றோடு 'வரி செலுத்தாத கறுப்பினத்தவர்' என்றும் ஒரு கட்டம். 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருந்தால்தான் கறுப்பின ஆண் வாக்களிக்க முடியும் என்று அந்த மாநிலத்தில் விதி இருந்தது. வெள்ளையருக்கு அப்படியொரு நிபந்தனை இல்லை. ஏட்டின் அழகிய கையெழுத்தில் மயங்குகிறவர்கள் அந்தக் கட்டத்தையும் ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும்.

ஹஃபைப் பற்றி ஒரு துணைச்செய்தி சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1865-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் நடத்திய அவர், இரண்டு கணக்குகளிலும் மர உற்பத்தி பற்றிய புள்ளிகளை ஒப்பிட்டபோது காடுகள் வேகமாகக் கரைவதைக் கண்டு திடுக்கிட்டார். 1873-இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் கூட்டத்தில், காடுகளைக் காப்பது அரசின் கடமை என்று வாதிட்டுக் கட்டுரை படித்தார். பிறகு அந்நாட்டு வேளாண் துறையின் வனப் பிரிவுக்கு முதல் தலைவராகவும் ஆனார். தொகுதி பிரிக்க எடுத்த கணக்கு வனத் துறைக்கு வித்திட்டது என்றால், கேட்கும் கேள்வியைப் பொறுத்துத்தான் ஏட்டின் பயன் அமைகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1865 ஏட்டில் உள்நாட்டுப் போரின் நிழல் விழுந்திருக்கிறது. யார் படையில் சேர்ந்தார், யார் இறந்தார், எத்தனை முறை திருமணம் ஆனது, ஒரு பெண் எத்தனை பிள்ளைகளைப் பெற்றாள் என்ற விவரங்கள் கிடைக்கும். ஆனால் மொத்த எண்ணிக்கையை அப்படியே நம்ப முடியாது. 1860-இல் வாஷிங்டன் எண்ணியபோது 38,80,735 பேர் இருந்த மாநிலத்தில், ஐந்து ஆண்டுகள் கழித்து மாநிலமே எண்ணியபோது அதைவிடக் குறைவாக வந்தது. போரில் மாண்டவர்களாலும் ஊரைவிட்டுப் போனவர்களாலும் மட்டும் இந்தக் குறைவை விளக்கிவிட முடியுமா என்பது ஐயத்துக்குரியது. படைக்கு ஆள் எடுக்கவும் வரி போடவும் வந்திருக்கிறார்கள் என்று அஞ்சிய வீடுகள் உண்மையை மறைத்திருக்கவும் கூடும். 1875 ஏடு ஒழுங்கானது, பயனுள்ளது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து 1885 வர வேண்டும், வரவில்லை. ஆளுநர் டேவிட் ஹில்லுக்கும் சட்டமன்றத்துக்கும் கணக்கெடுப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதில் மூண்ட பூசலில் அந்த ஆண்டுக் கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. ஏழு ஆண்டுகள் தள்ளி, 1892 பிப்ரவரியில் அதைச் செய்துமுடித்தார்கள். எரிந்துபோன 1890-க்கு ஈடாக நமக்குக் கிடைத்திருப்பது இந்த ஏடுதான். துரதிருஷ்டவசமாக, இந்த வரிசையிலேயே வறண்டதும் இதுதான். பெயர், பால், வயது, நிறம், பிறந்த நாடு, குடிமகனா அயலவரா, தொழில் என்று ஏழே செய்திகள். தெருவின் பெயர் இல்லை, வீட்டு எண் இல்லை, உறவு இல்லை, ஒரு வீடு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற கோடுகூட இல்லை. பக்கத்துக்கு இரண்டு பத்திகளாகப் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே குடும்பப் பெயர் தொடர்ந்து வருவதையும், வயது முப்பத்தைந்திலிருந்து இரண்டு வரை இறங்கிப் பிறகு சட்டென்று நாற்பதுக்கு ஏறுவதையும் வைத்து வீடுகளை நாமேதான் பிரித்துக்கொள்ள வேண்டும். குடியிருந்த விதவைத் தாயையும் வாடகைக்குத் தங்கியவரையும் பிரித்தறிய வழியே இல்லை. அதிகம் தேவைப்படும் ஆண்டில்தான் குறைவாகக் கேட்டிருக்கிறார்கள் என்ற ஆதங்கம் எனக்கு இன்னமும் தீரவில்லை.

1905, 1915, 1925 ஆகிய மூன்றும் ஒரே வார்ப்பு. தெரு, வீட்டு எண், உறவு, வயது, பிறந்த நாடு, அமெரிக்காவுக்கு வந்து எத்தனை ஆண்டுகள், குடியுரிமை, தொழில் எல்லாம் உண்டு. 1925-இல் கூடுதலாக, குடியுரிமை பெற்றவரானால் எப்போது, எந்த நீதிமன்றத்தில் பெற்றார் என்பதும் கேட்கப்பட்டது. இந்த ஒரு கட்டத்தால் எத்தனையோ பேர் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் குடியுரிமைக் கோப்பை நேராகப் போய் எடுத்திருக்கிறார்கள். 1931-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, இனி வாஷிங்டன் எடுக்கும் கணக்கே போதும் என்று மாநிலம் கைவிட்டுவிட்டதால், 1925 ஏடே கடைசி ஏடாக நின்றுவிட்டது.

இனி ஏடுகள் இருக்கும் நிலையைப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் இரண்டு படிகள் இருந்தன. ஒன்று அந்தந்தக் கவுண்டி கிளார்க் அலுவலகத்திலும், மற்றது ஆல்பனியில் மாநிலத்தின் பொறுப்பிலும் இருந்தது. 1911 மார்ச் 29 அதிகாலையில் ஆல்பனி தலைமைச் செயலகக் கட்டடத்தில் தீப்பிடித்து, அதிலிருந்த மாநில நூலகம் எரிந்து சாம்பலானது. சுமார் 4,50,000 நூல்களும் 2,70,000 கையெழுத்து ஆவணங்களும் அழிந்தன. இரவுக் காவலர் ஒருவர் உயிரிழந்தார். மாநிலத்திடம் இருந்த பழைய கணக்கெடுப்புப் படிகளில் பெரும்பாலானவை அன்றோடு போயின. ஆகவே இன்று நாம் பார்ப்பவை கவுண்டிகள் காப்பாற்றி வைத்த படிகள். எந்தக் கவுண்டி காப்பாற்றவில்லையோ அங்கே ஓட்டைதான். மன்ஹாட்டனை உள்ளடக்கிய நியூயார்க் கவுண்டிக்கு 1892 ஏடு கிடையாது. புரூக்ளினைத் தேடுகிறவருக்கு அதே ஆண்டு ஏடு அருமையாகக் கிடைக்கிறது, ஆற்றைக் கடந்தால் ஒன்றுமில்லை. மன்ஹாட்டன் ஆட்களைத் தேடுகிறவர்கள் 1890-இல் நகரக் காவல் துறை தனியாக எடுத்த கணக்கை நாடலாம். அதிலும் எல்லாப் புத்தகங்களும் பிழைக்கவில்லை. 1915, 1925 ஆகிய இரண்டின் மூல ஏடுகள் மட்டும் மாநில ஆவணக் காப்பகத்தின் நேரடிப் பொறுப்பில் முழு மாநிலத்துக்கும் இருக்கின்றன. நீங்கள் தேடும் ஆண்டுக்கு உங்கள் கவுண்டியின் ஏடு பிழைத்திருக்கிறதா என்று முதலில் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாத ஏட்டில் பெயரைத் தேடி ஒரு வாரத்தை வீணாக்கியவன் சொல்கிறேன்.

ஆல்பனியில் மேடிசன் அவென்யூவில் உள்ள பண்பாட்டுக் கல்வி மையக் கட்டடத்தின் பதினோராம் மாடியில் மாநில ஆவணக் காப்பகத்தின் ஆய்வறை இருக்கிறது. அதே கட்டடத்தில்தான் மாநில நூலகமும். பையைப் பூட்டி வைத்துவிட்டுப் பென்சிலோடு உள்ளே போக வேண்டும். இந்த ஏடுகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் மைக்ரோஃபிலிம் சுருளோ ஸ்கேன் செய்த படமோதான் கைக்கு வரும். நூறாண்டுக் காகிதத்தைத் தொட்டுப் பார்க்கலாம் என்ற ஆசையோடு போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் அங்கே போவதன் பயன் வேறு. பக்கத்து மேசையில் முப்பது ஆண்டுகளாகக் குடும்ப வரலாறு தேடும் பாட்டிமார் இருவர் இருப்பார்கள். கணக்கெடுப்பாளரின் சுருக்கெழுத்துகளை அவர்கள் படித்துக் காட்டுவதைப் போல எந்தக் கையேடும் கற்றுத்தராது. 'எச். டபிள்யூ.' என்றால் வீட்டு வேலை, அதாவது சம்பளமில்லாமல் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தரசி என்று எனக்குச் சொன்னவர் அவர்களில் ஒருவர்தான். அதற்கு முன்பு அதை ஏதோ நிறுவனத்தின் பெயர் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டிலிருந்தே பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வழிகள். மார்மன் சபையினர் நடத்தும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினால் போதும். நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவர்கள், காப்பகம் ஆன்செஸ்ட்ரி நிறுவனத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அஞ்சல் குறியீட்டை இட்டு 'ஆன்செஸ்ட்ரி நியூயார்க்' என்ற பகுதியைக் கட்டணமின்றித் திறக்கலாம். படங்கள் பொதுவாகத் தெளிவானவை. குறை இருப்பது பெயர்ப் பட்டியலில். பழைய சாய்வெழுத்தைப் பெயர்த்தெழுதியவர்கள் போலந்து, இத்தாலி, உக்ரைன் பெயர்களைப் பட்ட பாடு படுத்தியிருக்கிறார்கள். அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கி, தலைப்பெழுத்தை முதல் பெயராக்கி, கடவுச்சீட்டு முதல் மின்கட்டண ரசீது வரை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயரோடு திரியும் நமக்கு இந்தத் துன்பம் புதிதல்ல. பெயரால் கிடைக்காவிட்டால் இடத்தால் தேட வேண்டும். ஏடுகள் சட்டமன்றத் தொகுதி, அதற்குள் தேர்தல் வட்டாரம் என்று பிரிக்கப்பட்டவை. அந்த ஆண்டின் நகர முகவரிப் புத்தகத்திலிருந்து முகவரியையும், பழைய வட்டார வரைபடத்திலிருந்து வட்டார எண்ணையும் எடுத்துக்கொண்டால், பக்கம் பக்கமாகத் தெருவில் நடப்பதைப் போலப் புரட்டிக்கொண்டே போய் வீட்டை அடைந்துவிடலாம். இதற்கு ஓர் இரவு பிடிக்கும். ஆனால் பெயர்ப் பட்டியலின் தயவு வேண்டியதில்லை.

எங்கள் வீட்டை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஜெனரல் எலக்ட்ரிக் ஆலையும் ரயில் எஞ்சின் ஆலையும் ஆட்களை வாரி இழுத்த காலத்தில், 1900-இல் 31,682 பேர் இருந்த ஸ்கெனெக்டடியில் 1910-இல் 72,826 பேர் இருந்தார்கள். 1905 ஏட்டில் எங்கள் தெரு பாதியில் நின்றுவிடுகிறது; எங்கள் எண் இல்லை. 1915-இல் மாடியில் ஒரு போலந்துக் குடும்பம்: கணவன், மனைவி, ஒரு கைக்குழந்தை, அவர்களோடு வாடகைக்குத் தங்கிய நான்கு ஆண்கள். எட்டுக்குப் பத்து அடி அறைகள் மூன்றே உள்ள தளத்தில் ஏழு பேர். ஆலையில் இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறிப் போனவர்கள் ஒரே கட்டிலை முறைவைத்துப் பயன்படுத்தியிருக்கலாம் என்று பாட்டிமாரில் ஒருவர் சொன்னார். குடும்பத் தலைவனின் பெயர் அதில் வோய்சியெக், வயது 34, அயலவர். 1925-இல் அதே மனைவி, அதே மூத்த பிள்ளை, கூடவே இரண்டு தங்கைகள். வாடகை ஆட்கள் இல்லை. தலைவனின் பெயர் இப்போது ஆல்பர்ட். இந்தப் போலந்துப் பெயரை உடையவர்கள் அமெரிக்காவில் அப்படி மாற்றிக்கொள்வது வழக்கமாம். வயது 41. பத்து ஆண்டுகளில் அவருக்கு ஏழு வயதுதான் கூடியிருக்கிறது, மனைவிக்கு ஐந்து. 1921-இல் குடியுரிமை பெற்றதாக எழுதியிருக்கிறார்கள். மணமான பெண்ணின் குடியுரிமையைக் கணவனுடையதிலிருந்து பிரித்த கேபிள் சட்டம் வந்தது 1922-இல் என்பதால் கணவன் குடிமகனானபோதே மனைவியும் தானாகக் குடிமகளாகியிருக்கிறாள். ஓராண்டு தாமதித்திருந்தால் அவள் தனியாக மனுப் போட வேண்டியிருந்திருக்கும். அவர்களுடைய குடும்பப் பெயரை இங்கே எழுதவில்லை. பேரப்பிள்ளைகள் இதே ஊரில் இருக்கக்கூடும்.

இதிலிருந்து எனக்குத் தெரிந்தது இதுதான்: இந்த ஏடுகளில் முகவரியை நம்பலாம், உறவை ஓரளவு நம்பலாம், வயதையும் நாட்டுக்கு வந்த ஆண்டையும் ஒருபோதும் ஓர் ஏட்டை மட்டும் வைத்து நம்பக் கூடாது. வாசலில் வந்து நின்ற கணக்கெடுப்பாளருக்குப் பதில் சொன்னவர் மனைவியா, பக்கத்து வீட்டுக்காரரா, பத்து வயதுப் பிள்ளையா என்பது எங்கும் குறிக்கப்படவில்லை. வாஷிங்டனின் 1940 ஏட்டில் தகவல் சொன்னவரின் பெயருக்கு எதிரே வட்டமிட்டு ஒரு குறி போட்டார்கள். அந்த நல்ல வழக்கம் இங்கே வரவே இல்லை.

தமிழ் வாசகர்கள் உடனே கேட்கும் கேள்வி, இவற்றில் நம்மவர்கள் இருக்கிறார்களா என்பது. பிறந்த நாடு இந்தியா என்று இட்டுத் தேடினேன். கிடைத்தவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலேய, அமெரிக்கப் பெயர்கள். ஆற்காடு மிஷனை நடத்திய சீர்திருத்த சபைக்கு அக்காலத்தில் நியூயார்க்தான் தலைமையிடம். ராணிப்பேட்டையிலும் மதுரையிலும் பிறந்த பாதிரிமார் வீட்டுப் பிள்ளைகள் படிப்புக்கோ ஓய்வுக்கோ இங்கே வந்தபோது எண்ணப்பட்டிருப்பார்கள் என்பதில் வியப்பில்லை. இந்தியப் பெயரோடு வரும் கப்பல் தொழிலாளிகளும் மாணவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்; 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், 1925 ஏட்டில் அவர்கள் 'அயலவர்' என்று நிற்பது கணக்கெடுப்பாளரின் கவனக்குறைவு அல்ல. நம் நாட்டில் ஆங்கிலேயர் எடுத்த கணக்குகளில் வீட்டுக்கு வீடு எழுதிய படிவங்கள், அட்டவணை தயாரானபின் பாதுகாக்கப்படவில்லை. அச்சிட்ட பெரிய தொகுதிகளில் சாதியும் தொழிலும் எண்களாக இருக்கும், பெயர் இருக்காது. அதனால்தான் நம் குடும்பங்களின் பெயர்களுக்கு நிலப் பதிவேடுகளையும் காசி, கயைப் பண்டாக்களின் நோட்டுகளையும் நாம் தேடிப் போகிறோம். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கூலித்தொழிலாளியின் பெயரும் வயதும் அவன் வீட்டின் மதிப்பும் ஒரே வரியில் கிடைப்பதைப் பார்த்தபோது எனக்குள் எழுந்த பொறாமையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் நியூயார்க் நடுவில்தான் நிற்கிறது. ஐயோவாவின் 1925 ஏடு தாய் தந்தையரின் பெயர்களையும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரையும் கேட்டது. குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு அதற்கு மேல் ஒரு வரம் இல்லை. கான்சஸ் ஏடுகள், எங்கிருந்து கான்சஸுக்கு வந்தீர்கள் என்று கேட்டன. தெற்கு டகோட்டாவில் ஆளுக்கு ஓர் அட்டை, 1945 வரை. இன்னொரு புறம், பென்சில்வேனியா, ஒஹாயோ போன்ற பெரிய மாநிலங்களில் வீட்டிலுள்ள எல்லோரின் பெயரையும் எழுதும் மாநிலக் கணக்கெடுப்பே கிடையாது.

செலவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தொடக்கத்தில் வழி தெரியாமல், குடும்ப வரலாறு தேடித்தருவதாக விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்துக்கு 85 டாலர் கட்டினேன். மூன்று வாரம் கழித்து அவர்கள் அனுப்பியது, இலவசத் தளத்தில் இரண்டு நிமிடத்தில் இறக்கிக்கொள்ளக்கூடிய அதே 1925 பக்கம். அதுவும் பக்கத்து வீட்டினுடையது. காப்பகத்தின் ஆய்வறையில் கேட்டிருந்தால் காசில்லாமலே வழி சொல்லியிருப்பார்கள். உரிய ஆண்டும் கவுண்டியும் கிடைத்தால் ஐந்துக்கு நான்கரை மதிப்பெண் தயங்காமல் தருவேன்; 1892-க்கு இரண்டு; மன்ஹாட்டன் 1892-க்குத் தருவதற்கு ஏடே இல்லை.

அலமாரிக் கதவில் மூன்று எழுத்துகள் இருந்தன. போலந்துக் குடும்பத்தின் பிள்ளைகளோடு அவற்றில் இரண்டு பொருந்துகின்றன, மூன்றாவது பொருந்தவில்லை. கீழ்த்தளத்தில் 1925-இல் இருந்த இத்தாலியக் குடும்பத்தில் அந்த எழுத்தில் தொடங்கும் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் மாடிக்கு வந்து நின்று அளந்துகொண்டானா, அல்லது 1925-க்குப் பிறகு பிறந்த நான்காவது பிள்ளையின் எழுத்தா அது என்று பார்க்க, வாஷிங்டனின் 1930 ஏட்டில் எங்கள் வட்டார எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.